2 என்று எழுதினால் நமக்குப் பிடித்தவர் தோற்றுவிடுவாரா?

கேள்வி: நான் அயர்லாந்தின் கார்க் நகரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சமீபத்தில் குடியுரிமை கிடைத்தது. இங்கே வாக்குச்சீட்டில் வேட்பாளர்களுக்கு நம் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் எழுதலாம். 2024 உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு 1 என்று எழுதிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். 2, 3 என்று எழுதினால் நமக்குப் பிடித்தவருக்கே அது பாதகமாகிவிடும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். முதல் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த மேரி ராபின்சன் குடியரசுத் தலைவர் ஆனதும் இந்த 2-ஆல்தானாம். அடுத்து நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் நான் எப்படி வாக்களிப்பது?

பதில்: ராபின்சன் விஷயத்தில் உங்கள் தோழி சொன்னது சரி. பாதகம் என்று சொன்னது தவறு. நீங்கள் 1 போட்டவர் களத்தில் இருக்கும்வரை உங்கள் 2 யார் பக்கம் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் வாக்குக் குறைவால் வெளியேறினால்தான் உங்கள் சீட்டு 2 போட்டவருக்குப் போகும். இல்லையென்றால் அவர் தேவைக்கு மேல் வாங்கி ஜெயித்திருக்க வேண்டும். அப்போது உபரி வாக்குகள் மட்டும் அடுத்தவர்களுக்கு மாறும். அதற்குள் அவர் வெற்றி உறுதியாகிவிட்டது. ஆக, உங்கள் 2 உங்கள் 1-ஐ எந்தக் கட்டத்திலும் தொடாது.

ராபின்சனின் அரசியல் வாழ்க்கையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். 1944-இல் மேயோ மாவட்டத்தின் பாலினாவில் பிறந்தவர். 25 வயதில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சட்டப் பேராசிரியர். அதே 1969-இல் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து மேலவையான ஷானட்டுக்குத் தேர்வானார். கருத்தடைச் சாதனங்களைச் சட்டபூர்வமாக்க 1971-இல் மசோதா கொண்டுவந்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத காலம் அது. மசோதா விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. லேபர் கட்சியில் சேர்ந்து 1977-இலும் 1981-இலும் கீழவைக்குப் போட்டியிட்டார், இரண்டு முறையும் தோல்வி. 1985-இல் வட அயர்லாந்து குறித்து பிரிட்டனும் அயர்லாந்தும் செய்துகொண்ட ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தத்தை ஏற்க முடியாமல் கட்சியை விட்டும் விலகினார். வட அயர்லாந்து பிரிட்டனுடனேயே இருக்க வேண்டும் என்று விரும்பும் யூனியனிஸ்டுகளைக் கலந்துகொள்ளாமல் செய்த ஒப்பந்தம் என்பது அவர் ஆட்சேபம். அவர்களுடைய வாக்கு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. இருந்தும் அந்த முடிவை எடுத்தார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

அப்புறம் 1990. விலகிய லேபர் கட்சியே அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தது; அவர் சுயேச்சையாக நின்றார். எதிரே ஃபியனா ஃபாயில் கட்சியின் பிரையன் லெனிஹன்: துணைப் பிரதமர், எல்லோருக்கும் பிடித்த மனிதர். அந்தப் பதவிக்குப் போட்டி நடந்த எந்தத் தேர்தலிலும் அவர் கட்சி தோற்றதே இல்லை. மூன்றாமவர் ஃபைன் கேல் கட்சியின் ஆஸ்டின் கரி, வட அயர்லாந்தின் சிவில் உரிமைப் போராட்டத்தில் முன்னணியில் நின்றவர். 1982-இல் குடியரசுத் தலைவர் மாளிகைக்குத் தொலைபேசியில் பேசி அழுத்தம் கொடுத்த விவகாரத்தில் லெனிஹன் முன்பின் முரணாகப் பேசியது ஒலிநாடாவால் வெளிப்பட்டது. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு பிரதமர் ஹாகியே அவரைப் பதவி நீக்கினார். அப்படியும் நவம்பர் 7 அன்று அதிக முதல் விருப்ப வாக்குகள் பெற்றவர் லெனிஹன்தான்.

முதல் எண்ணிக்கையில் லெனிஹன் 6,94,484, ராபின்சன் 6,12,265, கரி 2,67,902. இந்தியாவில் சட்டமன்றத்துக்குப் போடுவது போன்ற தேர்தலாக இருந்தால் 82,000 வாக்கு வித்தியாசத்தில் கதை முடிந்திருக்கும். ஆனால் இங்கே ஜெயிக்கச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். யாருக்கும் அது இல்லை. கடைசியில் இருந்த கரி வெளியேற்றப்பட்டு, அவர் சீட்டுகள் ஒவ்வொன்றிலும் 2 யாருக்கு என்று பார்க்கப்பட்டது. ராபின்சனுக்கு 2,05,565, லெனிஹனுக்கு 36,789. இறுதியில் ராபின்சன் 8,17,830, லெனிஹன் 7,31,273. அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவர் இப்படித்தான் வந்தார். கரிக்கு வாக்களித்தவர்கள் கரியைக் கைவிட்டு இதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுடைய 1 கடைசிவரை கரிக்கே இருந்தது.

இன்னொரு எண்ணும் இருக்கிறது, அது உங்களைப் பற்றியது: 25,548. கரிக்கு வாக்களித்து, அடுத்து யார் என்று செல்லுபடியாகச் சொல்லாமல் விட்டவர்கள். நீங்கள் 2024-இல் போட்டது போன்ற சீட்டுகள் இவை. செல்லாத வாக்கு இல்லை. ஆனால் கடைசி இருவரில் யார் என்று முடிவாகும் நேரத்தில் அவற்றுக்குப் பேச்சில்லை.

இதே முறையில்தான் இந்தியக் குடியரசுத் தலைவரையும் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 1969-இல் வி.வி. கிரி முதல் விருப்ப வாக்குகளில் முன்னிலையில் இருந்தும் பாதியைத் தாண்டாததால், இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணித்தான் அவர் வெற்றியை அறிவித்தார்கள். இளம் வயதில் அவர் சட்டம் படித்தது டப்ளினில்.

சரி, வாக்குச்சாவடியில் செய்ய வேண்டியது. கீழவைத் தேர்தலில் ஒரு தொகுதிக்கு 3 முதல் 5 உறுப்பினர்கள் வரை தேர்வாவார்கள். மிகவும் பிடித்தவருக்கு 1, அவர் இல்லையென்றால் யார் என்பதற்கு 2, அப்படியே போகலாம். எத்தனை வரை என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால், 'இவர் வந்தாலும் பரவாயில்லை' என்று தோன்றும் கடைசி ஆள் வரை எழுதுங்கள். யார் வந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான் என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஒரே எண்ணை இருவருக்கு எழுதாதீர்கள். 2-க்குப் பிறகு 3 இல்லாமல் 4-க்குத் தாவினால் 2-உடன் உங்கள் சீட்டு நின்றுவிடும். பெயரோ கையெழுத்தோ போடக் கூடாது.

அதற்கு முன் இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் அங்கே வசிக்கும் வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம் என்பதால் உங்கள் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும். ஆனால் அந்தப் பதிவை வைத்து நாடாளுமன்றத் தேர்தலிலோ குடியரசுத் தலைவர் தேர்தலிலோ வாக்களிக்க முடியாது. குடியுரிமை பெற்றதைக் குறிப்பிட்டு, உங்கள் பிபிஎஸ் எண்ணுடன் (அரசுச் சேவைகளுக்கான தனிநபர் அடையாள எண்) வாக்காளர் பட்டியல் இணையதளத்திலோ கார்க் மாநகராட்சியிலோ பதிவைத் திருத்துங்கள். தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.