மூன்று துறை சரி, பதிவு எந்தத் துறையில்?

சட்டம் முடித்துவிட்டு, மருத்துவ அறவியலையும் சுகாதாரக் கொள்கையையும் சேர்த்து முனைவர் பட்டம் செய்யப் பார்க்கிறீர்கள். சட்டப் பேராசிரியர் "இது சட்டமே இல்லை" என்கிறார், பொதுச் சுகாதாரத் துறை "தரவு எங்கே?" என்கிறது. கோபப்படாதீர்கள், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆய்வுக்கு "நோயாளி உரிமைகள்" என்று நீங்கள் போட்டிருப்பது வெறும் தலைப்பு. அதில் கேள்வியைக் காணோமே!

கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருளை எடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தையே பாருங்கள். 2015-இல் மாண்ட்கோமரி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், எந்த அபாயத்தைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, நோயாளியின் நிலையில் இருப்பவர் எதை முக்கியமாக நினைப்பார் என்று பார்க்க வேண்டும் என்றது. அது சட்டம். தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்க அவருக்கு ஏன் அவ்வளவு உரிமை என்று கேட்டால் அறவியல். நெரிசலான புறநோயாளர் பிரிவில் ஆளுக்குச் சில நிமிடமே கிடைக்கும் மருத்துவர் இதை எப்படி நடத்திக் காட்டுவார்? கொள்கை அங்கேதான் வருகிறது.

முனைவர் பட்டப் பதிவை மட்டும் சட்டத் துறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரத்தில் ஓர் இணை வழிகாட்டியைத் தேடுங்கள், நோய்கள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்பதைத் தரவு வைத்துப் படிக்கும் கொள்ளைநோயியல் வகுப்பில் ஒரு பருவம் உட்காருங்கள். நான் எல்லா வாசலிலும் கால் வைத்தேன். ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் "நீங்கள் எந்தப் பாடம் எடுப்பீர்கள்?" என்றார்கள், முழித்தேன்.

அடுத்த முறை பேராசிரியரைப் பார்க்கும்போது அந்தப் படிவத்தில் ஒரு பிரதி கொண்டுபோங்கள்.