மருந்தளவைக் கூட்டினால் புழு சாகுமா? புரோபிட் அறிக்கையைப் படிக்கும் முறை

கேள்வி: முட்டைக்கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சிப் புழு, வழக்கமாக அடிக்கும் மருந்துக்குச் சாகவில்லை. புழுக்களைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ‘புரோபிட் பகுப்பாய்வு: எல்.சி.50 4 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 4 பங்கு), சாய்வு 1.5. எதிர்ப்பில்லாத இனத்துக்கு 0.25 பி.பி.எம்., சாய்வு 3. எதிர்ப்பு விகிதம் 16’ என்று அறிக்கை வந்திருக்கிறது. மருந்தளவை இரண்டு மடங்காக்கலாமா?

பதில்: வேண்டாம். அதற்கான காரணம் 16 (4 ÷ 0.25) என்ற எதிர்ப்பு விகிதத்தை விட, 1.5 என்ற சாய்வில்தான் தெளிவாகத் தெரிகிறது.

எல்.சி.50 என்பது சோதனையில் பாதிப் புழுக்களைக் கொல்லும் செறிவு. அதை வயலில் தெளிக்கும் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செறிவு கூடக்கூட இறப்பு சதவீதம் நேர்கோட்டில் ஏறாது, வளைந்துதான் ஏறும். செறிவை லாக் எண்ணாகவும் இறப்பைப் புரோபிட் எண்ணாகவும் மாற்றினால் அந்த வளைவு ஏறக்குறைய நேர்கோடாகும். 1934-இல் செஸ்டர் பிளிஸ் என்ற ஆய்வாளர் கொடுத்த வழி இது. 16% இறப்புக்குப் புரோபிட் 4, 50%-க்கு 5, 84%-க்கு 6, 90%-க்கு 6.28.

செறிவு பத்து மடங்கானால் புரோபிட் எவ்வளவு ஏறும் என்பதே சாய்வு. இரண்டின் லாக் 0.3. எனவே 4 பி.பி.எம்.-ஐ 8 ஆக்கினால் உங்கள் புழுக்களில் புரோபிட் 0.45 மட்டுமே ஏறும். இறப்பு 50-லிருந்து ஏறத்தாழ 67% ஆகும். எதிர்ப்பில்லாத இனத்தில் அதே இரட்டிப்பு 82% வரை கொண்டுபோகும்.

90% இறப்புக்கான செறிவையும் போட்டுப் பாருங்கள். (6.28 − 5) ÷ 1.5 = 0.853. இதன் எதிர்லாக் 7.13, நான்கால் பெருக்கினால் 28.5 பி.பி.எம். எதிர்ப்பில்லாத இனத்துக்கு 0.67 போதும். அதாவது 90% நிலையில் விகிதம் 16 அல்ல, ஏறத்தாழ 43! சாய்வு இவ்வளவு படுத்திருந்தால், எளிதில் சாகிற புழுவும் கடுமையாகத் தாங்குகிற புழுவும் உங்கள் வயலில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அளவைக் கூட்டினால் முந்தியது செத்து, பிந்தியதே பெருகும்.

அறிக்கையை நம்புமுன் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். குறைந்தது ஐந்து செறிவுகளில் சோதித்து, இறப்புகள் 10 முதல் 90% வரை பரவியிருக்க வேண்டும். எல்லாம் 0 அல்லது 100 என்றால் கோட்டின் சாய்வைக் கணிக்கவே முடியாது. வெறும் தண்ணீரில் நனைத்த இலையிலும் புழு செத்திருந்தால் மருந்தில்லாமலே செத்ததைக் கழிக்கும் ஆபட் திருத்தம் போட வேண்டும்: மருந்தில் 64%, தண்ணீரில் 10% என்றால் (64 − 10) ÷ (100 − 10), அதாவது 60%. தண்ணீரிலேயே 20%-க்கு மேல் செத்திருந்தால் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு இனங்களின் எல்.சி.50-க்கும் 95% நம்பக எல்லைகள் (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய கீழ், மேல் வரம்புகள்) கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த எல்லைகள் பெரிதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் எதிர்ப்பு உறுதியாகவில்லை. கை-வர்க்க (chi-square) என்ற புள்ளியியல் சோதனையில் புள்ளிகள் கோட்டோடு பொருந்தவில்லை என்று வந்தால், வெவ்வேறு வயதுப் புழுக்கள் கலந்ததாக இருக்கலாம். மூன்றாம் பருவப் புழுவை (இரண்டு முறை தோல் உரித்ததை) மட்டும் எடுப்பது அதனால்தான்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அந்த மருந்தை நிறுத்திவிடுங்கள். பெயர் மட்டும் மாறிய அதே வகை மருந்தை வாங்கிவிடாதீர்கள். மருந்து பூச்சியைக் கொல்லும் விதத்தைக் குறிக்கும் செயல்முறைக் குழு எண் வேறாக இருக்க வேண்டும். அளவு லேபிளில் உள்ளபடியே.