ஃபிஜியில் யார் முன்னிலை? – கடிதம், பதில்

வணக்கம் ஐயா,

2022 டிசம்பர் 14, ஃபிஜி தேர்தலன்று முடிவுகளைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு இரவு வரை உட்கார்ந்திருந்தேன். முதலில் முன்னாள் பிரதமர் ரபுக்காவின் மக்கள் கூட்டணி முன்னிலை. செயலி முடங்கியது. சில மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அப்போதைய பிரதமர் பைனிமராமாவின் ஃபிஜிஃபர்ஸ்ட் கட்சி முன்னிலை. இது மோசடி இல்லையா? அந்த வருடம் சுற்றுலாப் பயணிகள் பல மடங்கு பெருகினார்கள் என்ற செய்தியையாவது நம்பலாமா? தமிழ் வம்சாவளியினர் எத்தனை பேர் ஜெயித்தார்கள்? என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வட ஆற்காட்டிலிருந்து ஃபிஜிக்குக் கரும்பு வெட்டப் போனவர். திரும்பவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

செல்வி, ஆரணி

அன்புள்ள செல்வி,

ஒரு வாரமாக இதே தேர்தலின் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

நீங்கள் பார்த்தது தற்காலிக எண்ணிக்கை. வாக்குச்சாவடியில் எண்ணியவுடன் ஃபோனில் சொல்லும் எண்கள் அவை. இறுதி முடிவு தாளில் எழுதிய முடிவுப் படிவத்திலிருந்து தனியாகப் பதியப்படுகிறது. செயலியில் எண்கள் வேறு வேட்பாளர்கள் பெயரில் ஏறிவிட்டன என்றது தேர்தல் அலுவலகம். அப்படி ஏறினாலும் படிவம் மாறாது. இந்தியாவும் சேர்ந்து தலைமை தாங்கிய பன்னாட்டுப் பார்வையாளர் குழு பெரிய முறைகேடு எதையும் காணவில்லை. இதை இத்தோடு விடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது உங்கள் ‘முன்னிலை’ மீதுதான். நம்மூர் எண்ணிக்கை நாளின் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோயிருக்கிறீர்கள். ஃபிஜியில் தொகுதியே கிடையாது. நாடு முழுவதும் ஒரே தொகுதி, 55 இடங்கள். வாக்குச்சீட்டில் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. கட்டம் கட்டமாக வெறும் எண்கள். வாக்காளர் தன் வேட்பாளரின் எண்ணைத் தேடி அடையாளமிட வேண்டும். 2014இல் பைனிமராமாவின் எண் 279. எண் எவருடையதானாலும் வாக்கு முதலில் கட்சிக் கணக்கில்தான் சேரும். ஐந்து சதவீதம் தொடாத கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. அங்கே யார் முந்துகிறார் என்று பார்த்து என்ன பயன்? யார் ஐந்து சதவீதத்தைத் தொடுகிறார் என்று பார்த்திருக்க வேண்டும்.

ஒரு தாள் எடுங்கள். இறுதி எண்ணிக்கை இது: ஃபிஜிஃபர்ஸ்ட் 2,00,246, மக்கள் கூட்டணி 1,68,581, நேஷனல் ஃபெடரேஷன் கட்சி 41,830, சோடெல்பா கட்சி 24,172. ஒவ்வொன்றையும் 1, 2, 3 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போங்கள். வரும் ஈவுகளில் பெரிய 55 எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். டி ஹோண்ட் முறை என்பது இவ்வளவுதான். முடிவு 26, 21, 5, 3. கடைசி இடத்தைக் கவனியுங்கள். ஃபிஜிஃபர்ஸ்ட்டை 26ஆல் வகுத்தால் 7,702. மக்கள் கூட்டணியை 22ஆல் வகுத்தால் 7,663. 55ஆவது நாற்காலி அந்த இடைவெளியில் போனது.

சோடெல்பா ஐந்து சதவீதத்தைத் தாண்டியது சுமார் 640 வாக்குகளில். அதன் நிர்வாகக் குழு 13-12 என்று ரபுக்காவின் பக்கம் சாய்ந்தது, டிசம்பர் 24இல் நாடாளுமன்றம் 28-27 என்று அவரைப் பிரதமராக்கியது (கூட்டணியின் 29இல் ஒரு வாக்கு எதிர்ப்பக்கம் போனது). ஆட்சியை முடிவு செய்தது சோடெல்பா என்றே எல்லோரும் எழுதினார்கள். சரி, அந்த 640 வாக்குகள் விழவில்லை, சோடெல்பா வெளியே என்று வைத்துக்கொண்டு மறுபடி வகுங்கள். அதன் மூன்று இடங்களில் இரண்டு மக்கள் கூட்டணிக்கு, ஒன்று ஃபிஜிஃபர்ஸ்ட்டுக்கு. 27, 23, 5. ரபுக்காவும், தேர்தலுக்கு முன்பே அவரோடு சேர்ந்திருந்த ஃபெடரேஷனும் சேர்ந்தால் 28. அதே 28-27! பேரமே இல்லாமல் வந்திருக்கும். இது எந்தச் செயலியிலும் ஓடவில்லை. பென்சிலுக்கு மட்டுமே தெரியும்.

சுற்றுலாச் செய்தியிலும் இதே அவசரம்தான். 2021இல் வந்தவர்கள் 32,000க்கும் குறைவு, ஏனென்றால் கொரோனாவுக்காக மூடிய எல்லை திறந்ததே டிசம்பர் 1ஆம் தேதி. 2022இல் 6.36 லட்சம். இருபது மடங்கு என்று தலைப்புப் போடலாம், பொய்யில்லை. ஆனால் 2019இன் 8.94 லட்சத்தோடு வைத்தால் பத்துக்கு ஏழு. விலைவாசிச் செய்தியையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். ஃபிஜியின் 9 சதவீத வாட் வரி 2023 ஆகஸ்டில் 15 ஆனது. பணவீக்கம் போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது என்பதால், ஒரு வரி உயர்வு பன்னிரண்டு மாதம் அதைத் தூக்கிக் காட்டும், பதிமூன்றாம் மாதம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அன்று விலை குறைந்துவிட்டது என்று எனக்கு எழுதாதீர்கள்.

தமிழ் வம்சாவளி எத்தனை பேர் என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. இனவாரி இடங்களை 2013 அரசியல் சட்டமே ஒழித்துவிட்டது. அதை நாம் இங்கிருந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்த தேர்தலில் ஃபிஜிஃபர்ஸ்ட் இருக்காது, 2024 ஜூலையில் அதன் பதிவு ரத்தானது. அங்கே மாலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடியும்போது நமக்குக் காலை பதினொன்றரை. சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்காருங்கள். மொத்த வாக்கில் ஐந்து சதவீதம் எவ்வளவு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பியைப் பற்றி ஒன்று, அம்மா. 1903 முதல் 1916 வரை சென்னையில் கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் குடியேற்றச் சீட்டு எழுதினார்கள். தகப்பன் பெயர், ஊர், தாலுகா, வயது, உயரம், உடம்பிலிருந்த தழும்பு வரை அதில் உண்டு. அவை ஃபிஜியின் தலைநகர் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதி, தகப்பன் பெயரோடும் ஊரோடும் அனுப்பிக் கேளுங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியவை அவை. ஒரே எழுத்துக்கூட்டலோடு தேடினால் கிடைக்காது.