விறகு, கரி, பெட்ரோல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு கரியாக்கி லாரி லாரியா அனுப்புறாங்க. அதை விறகாவே வித்தா என்ன? எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்?
- முதுகுளத்தூர் வாசகர்

பதில்: சூட்டுக் கணக்கு மட்டும் பார்த்தா நீங்க கேக்கறது நியாயம்தான் சார். நல்லா காஞ்ச விறகு கிலோவுக்கு சுமார் 4,000 கிலோ கலோரி தரும், கரி 7,000 தரும், ஆனா ஒரு கிலோ கரி எடுக்க நாலஞ்சு கிலோ விறகை உள்ள போடணும், அப்போ பாதிக்கு மேல மூட்டத்துலயே புகையா போயிடுது. ஆனா பச்சை மரத்துல கிட்டத்தட்ட பாதி எடை தண்ணிதான், அந்தத் தண்ணிக்கும் சேர்த்து லாரி வாடகை யாரு குடுப்பா? கரி எடை கம்மி, மூட்டை கட்டி எத்தனை நாள் போட்டு வச்சாலும் பூச்சி அரிக்காது, பத்தவச்சா புகையும் அவ்வளவா இல்ல. இஸ்திரி பெட்டிக்குள்ள விறகை வச்சா சட்டை என்ன கதியாகும்னு யோசிச்சுப் பாருங்க.

மூட்டம் போடுறதும் லேசுப்பட்ட வேலை இல்ல. கட்டையை நெருக்கமா அடுக்கி, மேல இலைதழையோ வைக்கோலோ பரப்பி, மண்ணால மூடி தீ வச்சாச்சுன்னா அப்புறம் அவங்க கண்ணு பூரா புகை மேலதான். முதல்ல வெள்ளையா அடர்த்தியா வரும், அதுல பெரும்பாலும் மரத்துல இருந்த தண்ணியோட ஆவி. போகப்போக மெலிஞ்சு நீலம் பாய ஆரம்பிச்சா உள்ள கரி ஆயிடுச்சுன்னு அர்த்தம், உடனே ஓட்டை எல்லாத்தையும் மண்ணு போட்டு அடைக்கணும், அசந்தா காத்து புகுந்து கரியும் எரிஞ்சு சாம்பல்தான் மிஞ்சும். தெர்மாமீட்டர் ஒண்ணும் கிடையாது, எல்லாம் கண்திட்டம்தான், இந்தக் கைப்பழக்கத்துக்கு கிடைக்கிற கூலி ரொம்ப கம்மின்றது என் அபிப்பிராயம்.

ஒண்ணே ஒண்ணு. புகை இல்லையேன்னு கரி அடுப்பை மூடின ரூமுக்குள்ள வச்சுட்டு தூங்கிடாதீங்க. கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கொடைக்கானல் போன எடத்துல குளிருதுன்னு இப்படி செஞ்சு உயிரை விட்டவங்க செய்தியெல்லாம் படிச்சிருப்பீங்க.

கேள்வி: பங்க்ல 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததுல இருந்து என் பழைய பைக் 50 குடுத்தது 45 தான் குடுக்குது. எத்தனாலைத்தான் திட்டணுமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: திட்டுங்க, ஆனா முழுசா திட்டாதீங்க. எத்தனால்ல லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி குறைவு. அதை 20 சதவீதம் கலந்தா ஒரு லிட்டர்ல மொத்தமா ஆறு ஏழு சதவீதம் குறையும், அதுவும் எத்தனாலே கலக்காத பெட்ரோலோட ஒப்பிட்டா. நமக்கு ஏற்கனவே 10 சதவீதம் கலந்துதான் வந்துட்டு இருந்தது, அதனால புதுசா குறைஞ்சது அதுல பாதிதான். நிதி ஆயோக் 2021-ல போட்ட அறிக்கையிலயும் பழைய டூவீலருக்கு மூணு நாலு சதவீதம் மைலேஜ் குறையும்னுதான் சொல்லியிருந்தாங்க. உங்களுக்கு பத்து சதவீதம் குறையுதுன்னா மிச்சத்துக்கு டயர் காத்து, செயின், ஏர் ஃபில்டர் மூணையும் பாருங்க. இன்னொன்னு, எத்தனால் தண்ணிய இழுக்கும், அதனால மாசக்கணக்கா வண்டிய எடுக்காம டேங்க்ல பெட்ரோலை தேக்கி வைக்காதீங்க, பழைய வண்டின்னா ரப்பர் டியூபையும் சீலையும் சர்வீஸ்ல ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. எத்தனாலுக்கு ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன்னாடி தானா பத்திக்காம தாங்குற திறன், அதிகம், இன்ஜின் தட்டாது, அதெல்லாம் சரிதான், ஆனா லிட்டருக்கு சக்தி குறையுதுன்னா விலையும் குறையணும்ல, அதைக் கேக்க நமக்கு உரிமை இருக்கு.

கேள்வி: கேஸ் சிலிண்டர்ல பி-27 மாதிரி ஏதோ எழுதியிருக்கே, கேஸ் எக்ஸ்பைரி தேதியா அது?
- கும்பகோணம் வாசகி

பதில்: கேஸ் கெட்டுப்போகாதும்மா. அந்த இரும்பு சிலிண்டரை மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டிய கெடு அது. ஏ-ன்னா ஜனவரியில இருந்து மார்ச், பி ஜூன் வரைக்கும், சி செப்டம்பர், டி டிசம்பர், பக்கத்துல வருஷம். பி-27னா 2027 ஜூன். கெடு தாண்டின சிலிண்டர் வந்தா வாங்காதீங்க, வேற குடுங்கன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்க.

கேள்வி: பெட்ரோல் பைக்ல தெரியாம டீசல் போட்டுட்டாங்க, ஸ்டார்ட் பண்ணலாமா?
- ஓசூர் வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம், சாவிய கூட திருப்பாதீங்க. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலயே பத்திக்கிற அளவு ஆவியாகும், டீசல் அப்படி ஆவியாகாது, பிளக்ல பொறி வந்தாலும் ஒழுங்கா எரியாம அழுக்குதான் படியும். வண்டிய தள்ளிட்டுப் போய் மெக்கானிக்கிட்ட டேங்கை வடிக்கச் சொல்லுங்க, செலவு கம்மியா முடியும்.