அப்பா கனவில் யாரை உதைக்கிறார்?

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 67 வயது. இரண்டு வருடமாகத் தூக்கத்தில் கத்துகிறார், கை காலை வீசுகிறார். போன மாதம் அம்மாவின் தோளில் குத்திவிட்டார். அம்மா இப்போது ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார். காத்துக் கருப்பு என்று சொல்லிக் கயிறும் மந்திரித்துக் கட்டியாயிற்று. நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் 14 வருடமாக நைட் ஷிஃப்ட். பகலில் ஐந்து மணி நேரம் தூங்கினாலே அதிகம். தூக்கம் குறைந்தால் மூளையில் கழிவு தேங்கி மறதி நோய் வரும் என்று வாட்ஸாப்பில் வந்ததைப் படித்ததிலிருந்து அந்த ஐந்து மணி நேரமும் போய்விட்டது. உண்மையா?

பட்டர்வொர்த் வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரி,

கேள்வி உங்களைப் பற்றியது. எனக்கு உறுத்தியதோ அப்பாவைப் பற்றி எழுதிய நாலு வரி. அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் டாக்டர் இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.

கனவு காணும் நேரத்தில் நம் உடம்பு கட்டிப்போட்டதுபோல் கிடக்கும். அந்தக் கட்டைப் போடுவது மூளையின் அடியில் இருக்கும் மூளைத்தண்டிலுள்ள சில நரம்பணுக்கள். அவை கெட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். கனவில் நாயை விரட்டுபவர் கட்டிலில் உதைப்பார். 1960களில் பிரான்சில் தூக்க ஆய்வாளர் மிஷெல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் அந்த இடத்தைச் சிதைத்துப் பார்த்தார். அவை தூங்கிக்கொண்டே, இல்லாத இரைமேல் பாய்ந்தன. மனிதர்களிடம் இதைத் தனி நோயாக (REM தூக்க நடத்தைக் கோளாறு) 1986இல் விவரித்தவர்கள் அமெரிக்காவில் மினசோட்டாவின் தூக்க மருத்துவர்கள் ஷெங்க்கும் மஹோவால்டும். பத்து வருடம் கழித்துத்தான் விஷயம் வெளிப்பட்டது: அவர்கள் கவனித்துவந்த 29 ஆண்களில் 11 பேருக்குப் பார்க்கின்சன் (கை நடுங்கி, அசைவு மெதுவாகும் நரம்பு நோய்) வகை நோய். 2019இல் இந்தத் தூக்கக் கோளாறு உள்ள, பல நாடுகளைச் சேர்ந்த 1,280 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 12 ஆண்டுக்குள் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குப் பார்க்கின்சனோ அதைச் சார்ந்த மறதி நோயோ வரும் என்று கணக்கிட்டது.

இங்கே தூக்கம் கெட்டதால் நோய் வரவில்லை. நோய் முதலில் மூளைத்தண்டில் கால் வைக்கிறது, கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே.

அப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் இதைக் கிளப்பும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற கோளாறும் இதே வேடம் போடும். இரவு முழுக்கக் கருவி மாட்டித் தூங்கவைத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். ஒன்று கவனியுங்கள்: எழுப்பினால் உடனே தெளிந்து கனவைச் சொல்கிறாரா? சாம்பிராணி வாசனை தெரிகிறதா? மலச்சிக்கல் உண்டா? (வாசனை மங்குவதும் மலச்சிக்கலும் பார்க்கின்சனுக்கு முன்பே வரக்கூடிய அறிகுறிகள்.) கயிறு கட்டியது பற்றி நான் சண்டைக்கு வரவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி நரம்பியல் நிபுணரிடம் போங்கள். நோயைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. உதைப்பதைக் குறைக்க உண்டு.

இனி மூளைக் கழிவு பற்றிய உங்கள் கேள்வி. 2013இல் எலிகளின் மூளையில், தூங்கும்போது அணுக்களுக்கிடையிலான இடைவெளி சுமார் 60% விரிந்து கழிவு வேகமாக வெளியேறுவதைக் கண்டார்கள். வாட்ஸாப் அதோடு நின்றுவிட்டது. 2024இல் லண்டனில் வேறொரு குழு, எலி தூங்கும்போது வெளியேற்றம் குறைகிறது என்று நேரெதிராகச் சொன்னது. வழக்கு இன்னும் முடியவில்லை. மனிதர்களிடம் எடுத்தால், பிரிட்டன் அரசு ஊழியர்கள் சுமார் 8,000 பேரை 25 வருடம் தொடர்ந்த ஆய்வில் 50, 60, 70 வயதுகளில் விடாமல் ஆறு மணி நேரமோ குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதி நோய் 30% கூடுதல். சும்மா தள்ளிவிடும் எண் இல்லை. ஆனாலும் 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு பட்டியலிட்ட, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் தூக்கம் இடம்பெறவில்லை. ரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் இருக்கின்றன. நம்மவர்கள் பயப்பட வேண்டியது முதலில் அதற்குத்தான் என்பது என் கணக்கு.

(என் பாட்டி தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நாலு மணிக்கு எழுந்து முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். 86 வயதில் யார் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று மனப்பாடமாகச் சொல்வார். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள், ஷிஃப்ட் மாற்ற வாய்ப்பிருந்தால் கேளுங்கள், படுக்கையில் கைப்பேசி வேண்டாம். அடுத்த முறை அப்பா கத்தும்போது அம்மாவை அதே கைப்பேசியில் படம் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். டாக்டருக்கு நாலு பக்க விவரத்தைவிட அது உதவும். கட்டிலோரம் இருக்கும் கண்ணாடி மேசையை எடுத்துவிடுங்கள். அம்மா இப்போதைக்கு ஹாலிலேயே படுக்கட்டும். அப்பா அதில் சங்கடப்பட்டால், இரவில் அவர் அடித்தது அம்மாவை இல்லை என்று சொல்லிவையுங்கள்.