ஃபோ சூப் சால்னா ஆகாமல் இருக்க

கேள்வி: வேலையிடத்து வியட்நாம் தோழி கொடுத்த ஃபோ நூடல் சூப் பிடித்துப்போய் வீட்டில் செய்தேன். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கோழி எலும்பு போட்டேன். அவளுடையது தெளிவாகப் பொன்னிறத்தில் இருந்தது. என்னுடையது கலங்கி, சால்னா வாசனை அடித்தது. குக்கரில் வைத்ததுதான் காரணமா?
- வாசகி, ஈசூன்

பதில்: கோழியில் செய்ததில் குறையே இல்லை. 1939 வாக்கில் ஹனோயில் வாரத்தில் இரண்டு நாள் மாட்டிறைச்சி கிடைக்காமல் போனபோது கோழி ஃபோ வந்தது என்பார்கள். இன்று அது மட்டுமே விற்கும் கடைகள் அங்கே உண்டு.

சால்னா வாசனைக்கு வருவோம். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி விதை எல்லாம் நம் பிரியாணி டப்பாவில் இருப்பவைதானே, கை பழக்கத்தில் அள்ளிப் போட்டுவிடும். எண்ணெயில் தாளித்தும் விடும். இரண்டும் வேண்டாம். மூன்று லிட்டர் தண்ணீருக்கு இரண்டு அன்னாசிப்பூ, விரல் நீளப் பட்டை, மூன்று கிராம்பு, ஒரு மேசைக்கரண்டி மல்லி விதை போதும். வெறும் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து, கடைசி முக்கால் மணி நேரம் மட்டும் போடுங்கள். மிளகாய்த்தூள் பக்கம் போகவே கூடாது.

அந்தப் பொன்னிறம் வெங்காயமும் இஞ்சியும் தருவது. இரண்டு வெங்காயம், உள்ளங்கை அளவு இஞ்சி, தோலோடு அடுப்புத் தீயில் காட்டிக் கருக விடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் இரண்டாக வெட்டி இரும்புச் சட்டியில் கவிழ்த்து வைக்கலாம். கரித்தோலைச் சுரண்டிவிட்டுச் சூப்பில் சேருங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் புகை தாழ்வாரம் வரை போகும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் ஒரு கிண்ணம் கொடுத்துச் சமாளியுங்கள்.

கலங்கல்தான் பெரிய விஷயம். எலும்பை அப்படியே போட்டிருப்பீர்கள். தேக்கா ஈரச்சந்தையில் கோழி எலும்போடு காலும் கேட்டு வாங்குங்கள், சூப்புக்குக் கனம் தருவது கால்தான். கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டால் சாம்பல் நிறத்தில் நுரை திரளும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முதுகெலும்பு ஓரம் ஒட்டியிருக்கும் ரத்தக்கட்டியைக் கிள்ளி எடுத்துக் கழுவி, புதுத் தண்ணீரில் வையுங்கள். அப்புறம் தளதளவென்று கொதிக்கவே விடக்கூடாது. மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் சரியான தீ. பலமாகக் கொதித்தால் கொழுப்பு உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும், வடிகட்டினாலும் தெளியாது. இரண்டரை மணி நேரம் போதும்.

குக்கர் மேல் குற்றமில்லை, விசில் மேல்தான். ஒவ்வொரு விசிலுக்கும் உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கிச் சூப் பொங்கும். ஆவி பிடித்ததும் தீயை அடியோடு குறைத்து, விசில் வராமல் 45 நிமிடம் வைத்து, தானாக அடங்கிய பிறகு திறங்கள். அதன்பின் மசாலா முடிச்சைப் போட்டு மூடாமல் சிறுதீயில் வைக்கலாம்.

கடைசியில் மீன் சாஸ், சின்னத் துண்டு கற்கண்டு. நூடல்ஸில் உப்பிராது, அதனால் சூப் தனியாக ருசிக்கும்போது கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும்.

கேள்வி: கடையில் கிடைக்கும் குவே தியாவ் (தட்டை நூடல்ஸ்) போடலாமா?
- வாசகர், பொங்கோல்

பதில்: தாராளமாக. அதுவும் அரிசிதான். கொதிநீரில் சில விநாடி காட்டிக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கக் கொதிக்கச் சூப்பை ஊற்றுங்கள். காய்ந்த நூடல்ஸை முன்னதாக அரை மணி ஊறவைக்க வேண்டும். எதுவானாலும் சூப்புக்குள் போட்டு வேகவைத்தால் கஞ்சியாகிவிடும். பயறு முளை, துளசி வகை இலை, எலுமிச்சை எல்லாம் குவிப்பது சைகோன் பக்கத்துப் பழக்கம். ஹனோயில் வெங்காயத்தாளோடு நிறுத்திக்கொள்வார்கள். என் ஓட்டு ஹனோய்க்கு.

கேள்வி: சைவத்தில் முடியுமா?
- வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: முடியும். வியட்நாம் பௌத்தர்களில் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவம்தான் சாப்பிடுவார்கள். சைவ ஃபோ அங்கே சாதாரணம். வெள்ளை முள்ளங்கி, கேரட், சோளக்கதிர், ஊறவைத்த காய்ந்த காளான் போட்டு ஒரு மணி நேரம். மீன் சாஸுக்குப் பதில் உப்பும் கொஞ்சம் சோயா சாஸும். முள்ளங்கியை மட்டும் அதிகம் போடாதீர்கள், சாம்பார் நினைப்பு வந்துவிடும்.