தராசில் வைத்த மனசு

கேள்வி: மனோதத்துவத்தை விஞ்ஞானம் என்கிறார்கள். ஃபிராய்டு என்ற டாக்டர் நோயாளிகளைச் சோபாவில் படுக்கவைத்துக் கனவுக்குப் பலன் சொல்லி ஆரம்பித்துவைத்த சங்கதிதானே அது? எங்கள் ஊர் ஜோசியரும்தான் கனவுக்குப் பலன் சொல்கிறார். மனசைத் தராசில் வைத்தா நிறுக்க முடியும்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: எடையை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள், ஐயா! ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் வேபர் என்ற உடலியல் பேராசிரியர், 1830களிலேயே ஆட்களின் கையில் எடைகளைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு கூடினால்தான் வித்தியாசம் கைக்குத் தெரிகிறது என்று கண்டார். கிலோவுக்கு 20 கிராம் குறைந்தால் உங்கள் கைக்குத் தெரியாது. எடை போடுகிற சில கடைக்காரர்களுக்கு இது வேபருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஃபிராய்டின் கனவுப் புத்தகம் வந்தது 1899 கடைசியில். வில்ஹெல்ம் வூண்ட் என்ற பேராசிரியர் அதே லைப்சிக்கில் மனோதத்துவ ஆய்வுக்கூடம் தொடங்கிய 1879-ல், ஃபிராய்டு வியன்னாவில் மருத்துவ மாணவர். அவரைப் பற்றி உங்களுக்கு இருக்கும் சந்தேகம் மனோதத்துவக்காரர்கள் பலருக்கும் உண்டு. அதற்காக மொத்தத் துறையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொரு கதை கேளுங்கள். இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் கின்புரூக் என்று ஓர் உதவியாளர். கடிகாரத்தின் டிக் டிக்கைக் காதால் எண்ணிக்கொண்டே, தொலைநோக்கிக்குள் கட்டிய மெல்லிய கம்பியை நட்சத்திரம் கடக்கும் கணத்தைக் கண்ணால் பிடித்துக் குறிக்க வேண்டும். அவர் குறித்த நேரம் தலைமை வானியலாளர் மாஸ்கலின் குறித்ததைவிட 0.8 நொடி பிந்தியது. 1796-ல் வேலை போயிற்று! இருபது சொச்சம் ஆண்டுகள் கழித்து பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் இந்தச் சம்பவத்தைப் படித்துவிட்டு, தேர்ந்த வானியலாளர்களையே ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களுக்குள்ளும் ஆளுக்கு ஆள் நேரம் வேறுபட்டது. பாவம் கின்புரூக், அவரிடம் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. கண்டதையும் கேட்டதையும் சேர்த்துப் பார்க்க மனசுக்கே நேரம் பிடிக்கிறது.

நேரம் பிடிக்கிறது என்றால் அளக்கலாம் அல்லவா? டாண்டர்ஸ் என்ற டச்சுக் கண் மருத்துவர் 1868-ல் வழி சொன்னார். ஒரே ஒரு சமிக்ஞை, கண்டதும் கையசைக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள். அப்புறம் இரண்டு சமிக்ஞைகள், இதற்கு இடது கை, அதற்கு வலது கை. இப்போது கூடுதலாகிறது. இதிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது எந்தச் சமிக்ஞை, எந்தக் கை என்று தீர்மானிக்க ஆன நேரம். வூண்டின் மாணவர்கள் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும் கருவியோடு இதே வேலையில் உட்கார்ந்தார்கள்.

1879-ஐயும் ஜாதகம் எழுதுகிற பிறந்த நேரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகம் அந்தக் கூடத்தை முறைப்படி ஏற்கவே 1883 ஆயிற்று. நினைவு, சிந்தனை போன்றவை சோதனைக்கு அகப்படாது என்று வூண்டே நினைத்தார். நினைவு விஷயத்தில் அதைப் பொய்யாக்கினவர் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். இவரிடம் ஆய்வுக்கூடம்கூடக் கிடையாது. சோதித்ததும் அவர், சோதிக்கப்பட்டதும் அவரே. பொருளில்லாத சுமார் 2300 அசைகளைத் தயார் செய்து, பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தார். மறந்ததும் மறுபடி படித்து, எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குமேல் போய்விட்டது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு தங்கியிருந்தது. 1885-ல் புத்தகமாகப் போட்டார். வேண்டுமானால் நீங்களும் வீட்டில் செய்து பார்த்து அவரைத் தப்பென்று சொல்லலாம்.

உங்கள் ஊர் ஜோசியரிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: பலிக்காமல் போன பலன்களுக்கு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறாரா?